முதல் நிலையோடு நின்றுபோகும் மொழிப் படிப்பு: பல்கலைக்கழக அந்நிய மொழி வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள்

மலேசியாவின் நிபோங் திபாலில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளில் யாரையாவது நிறுத்தி, "ஜப்பானிய மொழி எடுத்தியே, என்னாச்சு?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "லெவல் ஒன் முடிச்சேன், 'ஏ' கிடைச்சது. அப்புறம் விட்டுட்டேன்." கேட்ட மாமாவும் தலையாட்டிவிட்டு, இப்படி ஒரு வகுப்பைப் பல்கலைக்கழகம் எதற்குத்தான் நடத்துகிறதோ என்று மனத்துக்குள் சலித்துக்கொள்வார்.

எதற்கு நடத்துகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மொழி மையத்தின் அறிவிப்புப் பலகையில் நம் கண்ணில் படுவதெல்லாம் யுகாத்தா உடுத்திய மாணவிகள், கிம்பாப் உருட்டும் கைகள், சான்றிதழ் வாங்கும் வரிசை ஆகியவைதான். அந்தப் படங்களை வைத்து இதைப் பொழுதுபோக்குப் பாடம் என்று நம் வீடுகளில் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்த மையம் தருவது மணிக்கணக்கு, நிலைக்கணக்கு, தேர்வுக்கணக்கு ஆகிய மூன்றும்தான். இவற்றைப் புரிந்துகொண்டால், தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், எதுவரை படித்தால் பயன் என்பது தெளிவாகும்.

முதலில் ஊரைப் பற்றி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் பினாங்கில் தொடங்கியது. அதன் பொறியியல் வளாகம் பேராக்கிலிருந்து நிபோங் திபாலுக்கு மாறி வந்தது 2001இல். சுற்றிலும் செம்பனை. அதற்கு முன் ரப்பர், ரப்பருக்கும் முன் கரும்பு. பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோதுதான் நம் முன்னோரில் பலர் இங்கே வந்து இறங்கினார்கள். கலிடோனியா, பைராம் போன்ற பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் மொழி கற்பது புதிய விஷயமல்ல. வீட்டில் தமிழ், அரசாங்க முகப்பில் மலாய், தோட்டத்து ஆபீசில் ஆங்கிலம். சந்தைக்குப் போய்வந்தே தியோச்சியூ, ஹொக்கியன் என்ற சீன வழக்குகளைப் பேசப் பழகிய பாட்டிகள் இங்கே உண்டு. யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை.

இப்போது மணிக்கணக்கு. மலேசிய உயர்கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, பயிற்சி, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். இரண்டு கிரெடிட் மொழிப் பாடம் என்றால் 80 மணி. வகுப்பில் உட்காருவது வாரம் மூன்று மணி, 14 வாரம் என்று வைத்தால் 42 மணிதான் ஆகிறது. மீதி கிட்டத்தட்ட அதே அளவு நேரத்தை மாணவர் தானே உட்கார்ந்து படிப்பார் என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. நடப்பது வேறு. கால்குலசும் தெர்மோடைனமிக்சும் கழுத்தை நெரிக்கும் பருவத்தில், இரண்டு கிரெடிட் பாடத்துக்குத் தனியே 38 மணி ஒதுக்குகிறவர் அபூர்வம்.

இதை வெளிநாட்டு அளவுகோலோடு வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகம் ஏ1இல் தொடங்கி சி2இல் முடியும் ஆறு நிலைகள் கொண்டது. நம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடமும் இப்போது இந்த அளவுகோலில்தான் ஓடுகிறது என்பதால் பெற்றோர் பலருக்குப் பெயராவது தெரிந்திருக்கும். ஜெர்மன் மொழிக்கு அந்நாட்டுக் கலாச்சார நிறுவனமான கேட்டே இன்ஸ்டிடியூட் தரும் வழிகாட்டுக் கணக்கில் ஏ2க்கு 200 முதல் 350 பாடவேளை, பி1க்கு 350 முதல் 650, பி2க்கு 600 முதல் 800. ஒரு பாடவேளை 45 நிமிடம். பல்கலைக்கழகத்தில் ஒருவர் விடாமல் நான்கு பருவம் படித்தாலும் 168 மணி, அதாவது 224 பாடவேளை. ஏ2 வாசலைத் தொட்டிருப்பார். ஒரே பருவத்தோடு விட்டவர் ஏ1இன் பாதியில் நிற்கிறார். தன் பெயர், ஊர், குடும்பம், மணி, விலை ஆகியவற்றைச் சொல்லத் தெரியும். அந்த 'ஏ' பொய்யல்ல. முதல் நிலைப் பாடத்தில் வைத்ததை அவர் நன்றாகத்தான் கற்றிருக்கிறார். ஆனால் அதை நம்பி வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது.

ஜப்பானிய மொழிக்குத் தனித் தேர்வு உண்டு. ஜே.எல்.பி.டி. என்ற அந்தத் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010 முதல் கடைநிலையான என்5இலிருந்து உச்சநிலையான என்1 வரை ஐந்து நிலை. எல்லாமே கொள்குறி வினாக்கள். பேச்சுத் தேர்வு கிடையாது, எழுதிக் காட்டவும் வேண்டாம். 2025 டிசம்பர் தேர்விலிருந்து மதிப்பெண் அறிக்கையில் ஐரோப்பிய நிலையையும் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு வந்திருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது நல்ல செய்தி. என்5 பிடித்தவர் தான் ஏ1 என்பதையும், என்2காரர் மதிப்பெண்ணுக்கேற்ப பி1 அல்லது பி2 என்பதையும் ஒரே தாளில் காட்டலாம். ஜப்பானிய நிறுவனங்களில் மொழிக்காகவே ஆளெடுக்கும் வேலைகள் வழக்கமாக என்2இலிருந்து பேசத் தொடங்குகின்றன.

அப்படியானால் இந்தத் தூரத்தை நம் பிள்ளைகள் கடக்க வழி உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். அதற்கான காரணம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது.

ஜப்பானிய வகுப்பில் முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் எழுத்து. ஹிராகனா, கத்தகானா முடிந்ததும் வாக்கியம் தொடங்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வாக்கியம் கட்டிப் பழகியவர்களுக்குத் தலை சுற்றுவது அங்கேதான். வினை கடைசியில் வருகிறது. பெயருக்குப் பின்னால் ஓர் ஒட்டு வந்து, அந்தப் பெயர் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறது. தமிழ்ப்பள்ளியில் வேற்றுமை உருபு படித்த பிள்ளைக்கு இது தெரிந்த சங்கதி. 'ஓ' என்ற ஒட்டைப் பார்த்தால் நம் 'ஐ' என்று எடுத்துக்கொள்ளலாம். 'நி' பல இடங்களில் நம் 'கு'. 'கரா' என்பது 'இருந்து'. 'மோ' நம் 'உம்': 'வாதாஷி மோ' என்றால் 'நானும்'. கேள்வி கேட்க நாம் வினையின் வாலில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். 'இக்கிமாஸ்' என்றால் போகிறேன். 'இக்கிமாஸ் கா?' என்றால் போகிறீர்களா?

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஜப்பானியர் 'கினோ கத்தா ஹோன்' என்பார்கள். கினோ நேற்று, கத்தா வாங்கிய, ஹோன் புத்தகம். மூன்று சொல்லுக்கு மூன்று சொல், அதே வரிசை. மலாயில் சொல்ல 'புக்கு யாங்' என்று தொடங்கித் திருப்பிப் போட வேண்டும். 'நாளைக்கு வருகிறேன் என்று சொன்னார்' என்பதில் நம் 'என்று' நிற்கும் இடத்தில் அங்கே 'தோ' நிற்கிறது. எனக்கு மிகப் பிடித்தது துணைவினை. 'தபெரு' என்றால் சாப்பிடு, 'மிரு' என்றால் பார். இரண்டையும் சேர்த்து 'தபெத்தெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. ருசி பார்க்கச் சொல்லும்போது கண்ணால் பார்க்கும் வினையைக் கூட்டுவது நமக்கு இயல்பு. ஆங்கில வழியில் யோசிக்கும் மாணவர் இதற்குத் தனி விதி எழுதி மனப்பாடம் செய்கிறார். கொரிய மொழியிலும் இதே கதைதான். 'மொகோ' சாப்பிட்டு, 'போதா' பார். 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் வரும் 'விடு'வுக்கும் ஜப்பானியத்தில் 'ஷிமாவு' என்று ஓர் இணை உண்டு. ஆளுக்கேற்ப வினையின் மரியாதை மாறுவதும் அங்கே உண்டு. பெரியவரிடம் 'வா' என்று சொன்னால் முதுகில் ஒன்று விழும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

இந்த ஒற்றுமையைக் கண்டு இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னவர்கள் உண்டு. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதிட்டார். கொரியாவில் இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இந்த உறவை ஏற்கவில்லை. நம் கூட்டங்களில் மட்டும் இது நிரூபிக்கப்பட்ட உண்மை போலக் கைதட்டலுக்காகச் சொல்லப்படுகிறது. அது தேவையே இல்லை. உறவு இல்லாமலேயே வாக்கிய அமைப்பு ஒத்துப்போகலாம். துருக்கிய மொழியிலும் வினை கடைசியில்தான். வகுப்பில் உட்காரும் மாணவருக்கு வேண்டியது அமைப்பு, வம்சாவளி அல்ல.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் 2,200 வகுப்பு மணி தேவை என்று கணக்கிட்டிருக்கிறது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு. தமிழரை உட்காரவைத்து யாரும் இப்படி ஒரு கணக்கு எடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

எல்லாமே சாதகம் என்று சொல்லமாட்டேன். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்து இருக்கிறது. பழைய தேர்வு முறையில் கடைநிலைக்குச் சுமார் 100 எழுத்தும் உச்சநிலைக்குச் சுமார் 2,000 எழுத்தும் எதிர்பார்த்தார்கள். ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. சீனப்பள்ளியில் படித்துவந்த நண்பர் இதில் பல மைல் முன்னால் நிற்பார். அந்தச் சீனப்பள்ளி மாணவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு, சீனப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் இந்தியக் குடும்பங்கள் இப்போது குறைவில்லை. வகுப்பில் பயிற்சிக்கு ஜோடி சேரச் சொன்னால் சீன நண்பரோடு சேருங்கள் என்பேன். அவர் எழுத்தைப் படிப்பார், நீங்கள் வாக்கியத்தைக் கட்டலாம்.

ஜெர்மன் மொழிக்குக் கதை வேறு. வேற்றுமை பிரச்சினையில்லை. 'குழந்தைக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன்' என்பதில் நம் 'கு' செய்யும் வேலையை அங்கே 'டெம்' செய்கிறது. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்கு ஓடிவிடும், அதுவும் நமக்குப் பழக்கம். தொல்லை கொடுப்பது பால் பகுப்பு. மேசை ஆண், விளக்கு பெண், இளம்பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷென்' அஃறிணை. உயர்திணை, அஃறிணை என்று ஒழுங்காகப் பிரித்துப் பழகிய மூளை இதை ஒப்புக்கொள்ள அடம்பிடிக்கும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பாலோடு சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் நிபோங் திபால் மாணவர் ஜெர்மன் மொழியைக் கவனிக்கக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் எட்டு மின்னணு நிறுவனங்களில் ஜெர்மனியின் போஷும் ஜப்பானின் ஹித்தாச்சி, கிளாரியனும் இருந்தன. தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறந்த பிறகு, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவான் தொழிற்பேட்டையாக மாறியது. அங்கே போஷ் 2023இல் சிப் சோதனை மையம் திறந்தது. கூலிம் பக்கம் போனால் ஜெர்மனியின் இன்பினியனும் ஆஸ்திரியாவின் ஏ.டி.அண்ட்.எஸ்.சும் இருக்கின்றன. ஜெர்மன் பேசும் தலைமையகங்களுக்கு உட்பட்ட ஆலைகள் இப்படித் தோட்டத்து எல்லை வரை வந்துவிட்டன.

இதைக் கேட்டவுடன் 'ஜெர்மன் படித்தால் வேலை நிச்சயம்' என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்த வேண்டும். அந்த ஆலைகளின் தளத்தில் ஆங்கிலமும் மலாயும்தான் ஓடுகின்றன. பொறியாளரை எடுப்பது அவருடைய பொறியியலுக்காக. ஏ2 ஜெர்மன் அங்கே கதவைத் திறக்காது. தலைமையகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப ஆள் தேடும்போது, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், அது கொஞ்சம் கைகொடுக்கலாம். அவ்வளவே. மொழியே மூலதனமான வேலைகள் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்களில் இருக்கின்றன, அவர்கள் கேட்பது பி2, என்2 போன்ற நிலைகளை.

இன்னொரு கதையும் நம் ஊர்களில் சுற்றுகிறது: ஜெர்மனியில் படிப்பு இலவசம். இதைச் சொல்லிப் பணம் வாங்கும் இடைத்தரகர்களும் உண்டு. பாதி உண்மை. பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக்கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பொறியியல் மாணவர்கள் கனவு காணும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இன் குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (நினைத்தபடி எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. மலேசிய வெள்ளியில் மாற்றிப் பார்த்தால் தோட்டத்துக் குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன, அவற்றுக்குக் கிட்டத்தட்ட சி1 நிலை வேண்டும். தரகர் முதல் இரண்டு வரியைச் சொல்வார், மீதியை விமான நிலையத்தில்தான் நினைவுகூர்வார்.

ஜப்பானுக்குப் போகும் வழி இதைவிடச் செப்பனிடப்பட்டது. அப்போதைய பிரதமர் மகாதீர் 1982இல் அறிவித்த, ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளிடம் கற்கச் சொல்லும் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யின் கீழ் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியத் தயாரிப்பு மையம் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டு அங்கே மொழியும் அறிவியலும் படித்து, பிறகு ஜப்பானியப் பல்கலைக்கழகம். அது எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்தவுடன் பிடிக்க வேண்டிய ரயில். பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டவருக்கு ஜப்பானிய அரசின் முதுகலை உதவித்தொகை இருக்கிறது. இதில் மொழித் தேர்ச்சி இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம்.

மொழி மையங்களில் நம்மவர் அதிகம் கவனிக்காத ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் மொழிப்பள்ளி அரபு, ஜப்பானியம், ஜெர்மன், தாய்லாந்து மொழிகளோடு தமிழையும் மற்ற இனத்து மாணவர்களுக்குக் கற்பிக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மொழி, மொழியியல் புலத்தில் தமிழில் பட்டமே எடுக்கலாம். மலாய், சீன மாணவர்கள் உயிரெழுத்தில் தொடங்கி 247 எழுத்தையும் கண்டு மலைத்து, ஒருவழியாக 'எனக்குத் தேநீர் வேண்டும்' வரை வருவார்கள். பிறகு துணிச்சலாக நம் ஒட்டுக்கடைக்கு வந்து அப்படியே கேட்பார்கள். கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொல்வார். 'ஒரு தே ஓ' என்று நாம் கேட்கும் இடத்தில் தேநீர் என்ன, வேண்டும் என்ன என்று அவருக்கு வேடிக்கை. கற்றவருக்கு அடுத்த முறை வாய் வராது. ஏட்டுத் தமிழுக்கும் கடைத் தமிழுக்கும் உள்ள இடைவெளி வகுப்பில் கற்பிக்க வேண்டியதுதான், ஆனால் அதை இட்டுநிரப்பப் பேச ஆள் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் பேச்சுத் துணையாக வாரம் ஒரு மணி உட்கார்ந்தாலே போதும். தியோச்சியூ கற்ற நம் பாட்டிகளுக்குச் சந்தைக்காரர் சிரிக்காமல் தியோச்சியூவிலேயே பதில் சொன்னதால்தான் அது நாவில் தங்கியது.

கலாச்சார நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் அதைக் குறை சொல்பவன் அல்ல. பருவ நடுவில் வரும் அந்த நாளில்தான் கூச்சப்படும் மாணவர் முதல்முறையாக வேற்று மொழியில் நான்கு வாக்கியம் மேடையில் பேசுகிறார். ஆனால் அங்கே வரும் விருந்தினர்களைத்தான் அதிகம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தூதரக அதிகாரி, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் பிரதிநிதி, ஜப்பான் அறக்கட்டளை ஆசிரியர் போன்றவர்கள் வந்தால், கோடைக்கால மொழி வகுப்புக்கு உதவித்தொகை உண்டா, எந்த நிலை வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் உணவு வரிசையில் நின்றுவிட்டுப் பேருந்து பிடித்துவிடுகிறார்கள்.

தொடர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதல் நிலையை முதலாமாண்டிலேயே எடுங்கள். மூன்றாமாண்டில் எடுத்தால் மேல்நிலைக்குப் பருவம் மிஞ்சாது, தொழிற்பயிற்சி வேறு குறுக்கே வரும். கொரியம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு இடம் சீக்கிரம் நிரம்பும், பதிவு திறக்கும் நாளைக் குறித்துவையுங்கள். மேல்நிலைக்கு ஆள் சேராமல் வகுப்பு திறக்காமல் போவதும் உண்டு. சேர்ந்து படித்த நான்கைந்து பேர் முன்கூட்டியே பேசிவைத்துப் பதிவு செய்தால் அது நடக்காது. வளாகத்தில் நிலைகள் தீர்ந்துவிட்டால், நிபோங் திபால் நிலையத்தில் கொம்யூட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் ஜார்ஜ் டவுன். மலேசிய-ஜெர்மன் சங்கமும் பிரெஞ்சு மொழிக்கு அலியோன்ஸ் பிரான்சேசும் பினாங்குத் தீவில் இருக்கின்றன.

தேர்வு விஷயத்தில் காலம் முக்கியம். ஜே.எல்.பி.டி. ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இரு முறை என்றாலும் எல்லா ஊர் மையங்களிலும் இரண்டும் நடப்பதில்லை. பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, எனவே தயாரானதும் எழுதிவிடலாம். கொரிய மொழியின் டோபிக் தேர்வு அப்படியல்ல. முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். முதலாமாண்டு ஆர்வத்தில் எழுதி வாங்கியது பட்டம் பெறும்போது செல்லாததாகிவிடும். அதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.